யோர்க்கில் கறுப்புத் தொப்பிக்காரரின் பின்னால்

கனடாக் குடியுரிமை எடுத்து, நீலக் கடவுச்சீட்டு கைக்கு வந்தபின் நாங்கள் செய்த முதல் பயணம் லண்டனுக்கு. மாமியின் தம்பி மகளுக்குக் கல்யாணம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் மனைவியும் அவளுடைய அம்மாவான மாமியும் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், டோர்செட் பார்க்கில் ஒரு தொடர்மாடியின் பதினான்காம் தளத்தில் இருந்தோம். வேலைக்கு மில்லிக்கனுக்குப் போவேன். கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டி செய்கிற தொழிற்சாலை.

அங்கே என்னுடைய மேற்பார்வையாளர் இங்கிலாந்தின் யோர்க் நகரத்தில் பிறந்த ஒரு கிழவர். லீவுப் பத்திரத்தை அவரிடம் நீட்டியபோது கையெழுத்துப் போடாமல் என்னையே பார்த்தார்.

"இரண்டு வாரமும் லண்டனிலா இருக்கப் போகிறாய்? அங்கே பார்க்க ஒன்றுமில்லை. யோர்க்குக்குப் போ."

காட்போட் பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து அதில் வழி எழுதித் தந்தார். பெரிய தேவாலயத்தின் முன்னால் காலை பதினொரு மணிக்கு நிற்க வேண்டும். உயரமான கறுப்புத் தொப்பி போட்ட ஒருவர் வருவார். அவர் பின்னால் போனால் ஊரைச் சுற்றிக் காட்டுவார், செத்துப்போனவர்களின் கதைகள் சொல்வார், கடைசியில் பழைய விடுதி ஒன்றில் சாப்பாடும் கிடைக்கும். எல்லாம் ஒரே டிக்கெட்டில். இதைக் கேட்ட மாமிக்குச் சாப்பாடு சேர்த்தி என்பது பிடித்திருந்தது.

லண்டன் விமான நிலையத்தில் கடவுச்சீட்டுப் பார்த்த அதிகாரி கேட்டார், "எங்கே வசிக்கிறீர்கள்?"

"ஸ்காபரோ."

"எங்கே போகிறீர்கள்?"

"லண்டனில் கல்யாணம். பிறகு யோர்க்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஸ்காபரோவிலிருந்து யோர்க்குக்குப் போவதற்கு ஏன் கனடா வழியாக வந்தீர்கள்?"

யோர்க்கிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் ஸ்காபரோ என்று ஒரு கடற்கரைப் பட்டணம் இருப்பது எனக்கு அந்த இடத்தில்தான் தெரியவந்தது. ரொறன்ரோவுக்கு முதலில் வந்த ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் ஒரு யோர்க் உண்டு; எங்களுக்கு யோர்க் என்றால் பஸ் மாறுகிற இடம். அதிகாரிக்கு இதை விளக்கி முடிக்கும்போது எங்களுக்குப் பின்னால் வரிசை கதவைத் தாண்டியிருந்தது.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் யோர்க்குக்கு ரயில் ஏறினோம். ஜூன் மாதம். ஆனால் கனடாக்காரர்களான எங்களுக்கே குளிர்ந்தது. கோடைதானே என்று குளிர் உடுப்பு ஒன்றும் கொண்டுவராததால் நான் கல்யாணத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டையே மாட்டிக்கொண்டேன். மனைவி தம்பி முறையானவனின் மழைக்கோட்டை இரவல் வாங்கியிருந்தாள். அதுவும் கறுப்பு. மாமி சாம்பல் நிறச் சேலைக்கு மேல் கறுப்புச் சால்வை போர்த்திருந்தார். மூவரையும் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரிய தேவாலயத்தின் முன்னால் தூறலில் நின்றோம். பாடசாலைப் பிள்ளைகள் இருந்தார்கள், புறாக்கள் இருந்தன, தொப்பிக்காரரைக் காணவில்லை. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சருங்கோ, அங்க பாருங்கோ. தொப்பி!"

பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்னத் தேவாலயம். அதன் வாசலில் உயரமான கறுப்புத் தொப்பியும் நீண்ட கோட்டும் போட்டு, கையில் பிரம்போடு ஒருவர் நின்றார். சுற்றி ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். ஓடினோம். மாமி முழங்கால் வலியையும் மறந்து ஓடினார்.

"பதினொரு மணிக்குத்தானே?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"ஆமாம் ஐயா. தொடங்கப் போகிறோம். உள்ளே போங்கள்" என்றார் அவர், மிக மரியாதையாக.

வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. டிக்கெட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த நோட்டுகளை அதற்குள் போட்டேன். அருகில் நின்ற பெண் என் கையைப் பிடித்து அழுத்தி, மடித்த தாள் ஒன்றைத் தந்தார். அதில் தொப்பி போடாத ஒரு கிழவரின் படம், கீழே பெயர், இரண்டு வருடங்கள். யாரோ பழைய நகரபிதா என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே முன்பக்கத்தில் பூக்கள் வைத்த நீளமான பெட்டி இருந்தது. செத்துப்போனவர்களின் கதைகள் சொல்வார்கள் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தாரே. ஆயத்தம் பலமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

மாமி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சரிந்தார்.

"தம்பி, உதுக்குள்ள ஆள் கிடக்கு."

"இல்லை மாமி, உது சும்மா காட்டுறதுக்கு."

"எனக்குத் தெரியாத செத்தவீடோ? முன் வாங்கில அந்தப் பொம்பிளை அழுறாள் பாருங்கோ. காசுக்கு ஒருத்தரும் உப்பிடி அழமாட்டினம்."

அப்போதுதான் மடித்த தாளை விரித்துப் படித்தேன். இரண்டு வருடங்களில் பின்னையது நடப்பு வருடம்.  எழும்புவோம் என்று மனைவிக்குச் சைகை காட்டினேன். மாமி என் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்கோ. செத்தவீட்டுக்கு வந்திட்டு நடுவில எழும்பிப் போறதோ? எண்ணிப் பாருங்கோ எத்தினை பேர் வந்திருக்கினம் எண்டு. எங்களோட சேத்துத்தான் பதினைஞ்சு. நாங்களும் போனா அந்தப் பிள்ளைக்கு எப்பிடி இருக்கும்?"

இருந்தோம். மூன்று தடவை எழும்பி மூன்று பாட்டுப் பாடினோம். மனைவிக்குக் கொன்வென்ட் படிப்பு. அதில் ஒரு பாட்டு முழுவதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சின்னக் கூட்டத்தில் அவளுடைய குரல்தான் ஓங்கிக் கேட்டது. முன் வாங்கில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தார். செத்தவரின் மகள் அவர்.

வெளியே வந்ததும் நழுவிவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் தொப்பிக்காரர், சவ அடக்கத்தை நடத்துகிறவர் அவர், ஒரு நீளமான கறுப்புக் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலையை லேசாகத் தாழ்த்தினார். வேண்டாம் என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் மாமி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"முழங்கால் விண்விண் எண்டுது, தம்பி. எவ்வளவு நேரம் நடக்கிறது?"

காருக்குள் எங்களுக்கு எதிரே உயரமான ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும். கடைசியாக ஒரு கிழவர் ஏறினார். செத்தவரின் தம்பி. எழுபத்தைந்து வயதிருக்கும். காதில் கேட்கும் கருவி.

"எங்கேயிருந்து வந்தீர்கள்?" என்றார்.

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு இதுதான் சந்தர்ப்பம் என்று நினைத்து, முதல் வார்த்தையாக, "ஸ்காபரோ" என்றேன்.

அவர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்தார். "ஸ்காபரோவா! அப்படியென்றால் கழுதைக் காலத்து ஆட்கள்!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் பதினொரு கோடைகாலம் ஸ்காபரோக் கடற்கரையில் பிள்ளைகளைக் கழுதைகளில் ஏற்றிச் சவாரி விட்டவராம். அந்தக் காலத்து நண்பர்கள் ஒருவராவது வருவார்களா என்று மகள் ஏங்கிக்கொண்டிருந்தாளாம். நான் "இல்லை ஐயா, அது வேறு ஸ்காபரோ" என்று தொடங்கினேன். கருவி இருந்த காதை யன்னல் பக்கம் திருப்பிவிட்டார் அவர். ஏனென்றால் காட்ட வேண்டிய இடங்கள் வந்துவிட்டன.

யோர்க்கை நான் அப்படித்தான் பார்த்தேன். எண்ணூறு வருட மதில் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கிழவர் மறுபக்கத்தைக் காட்டினார்.

"அந்த விளக்குக் கம்பம் தெரிகிறதா? அண்ணன் சைக்கிளோடு மோதியது அதில்தான். இரண்டு தடவை."

திரும்பிப் பார்த்தோம். கம்பம் இன்னும் கொஞ்சம் சரிந்துதான் நின்றது.

"அது மிட்டாய்த் தொழிற்சாலையின் பழைய வாசல். ஏழு நாள் வேலை செய்தார். எட்டாம் நாள், சட்டைப்பையில் மிட்டாய் உருகியதால் பிடிபட்டார். அந்தப் பாலத்தில்தான் அண்ணியைச் சந்தித்தார். அண்ணி அப்போது வேறொருவரோடு வந்திருந்தார்."

மனைவி எல்லாவற்றையும் மாமிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். மாமி ஒவ்வொன்றுக்கும் உச்சுக்கொட்டினார். பாலத்துக்கு வந்தபோது கிழவர் சாரதியின் பக்கம் கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டார். காரின் வேகத்தைக் குறைக்கச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்ததை நான் பார்த்தேன். நானே முன்னுக்குச் சாய்ந்து சாரதியிடம் மெல்லப் போகச் சொன்னேன். அந்நியனான எனக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது.

மயானத்தில் எல்லோரும் விரல் நுனியில் மண்ணைக் கிள்ளிப் போட்டார்கள். மாமி மட்டும் குனிந்து கை நிறைய அள்ளி மூன்று தரம் போட்டார். அதைப் பார்த்த மகள் தானும் திரும்பிவந்து இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.

பிறகு விடுதி. மரச்சட்டங்கள் வெளியே தெரிகிற, தலை இடிக்கிற கூரையுள்ள பழைய கட்டடம். நீளமான மேசையில் பன்றியிறைச்சித் துண்டுகள், முட்டைச் சான்ட்விச், வெள்ளரிக்காய்ச் சான்ட்விச், பழக்கேக். மேற்பார்வையாளர் சொன்னபடியே சாப்பாடு சேர்த்திதான். எனக்கு அகோரப் பசி. தட்டை எடுத்தேன். மாமி தட்டைப் பறித்தார்.

"முழுகாமல் சாப்பிடுறதோ?"

"மாமி, இஞ்ச எங்க முழுகிறது?"

"எனக்குத் தெரியாது. செத்தவீட்டால வந்து தலையில தண்ணி வாக்காமல் நான் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன்."

மனைவி போய் மகளிடம், அம்மா குளிக்க வேண்டும் என்கிறார், எங்கள் வழக்கம் அப்படி என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். மகள் காரணம் ஒன்றும் கேட்கவில்லை. மேலே அறைகள் இருந்தன. விடுதிக்காரியிடம் பேசி ஒரு துவாயும் வாங்கி, மாமியைக் கைபிடித்துப் படியேற்றிக் கூட்டிப்போனார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தலைக்கு மேலே தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி தேநீர் குடித்தார்கள். கால் மணித்தியாலத்தில் மாமி தலையில் வெள்ளைத் துவாயைச் சுற்றிக்கொண்டு இறங்கிவந்து வெள்ளரிக்காய்ச் சான்ட்விச் ஆறு சாப்பிட்டார். நீங்களும் போய் ஒரு செம்பு தண்ணி வாத்திட்டு வாங்கோ என்று என்னைப் பார்த்தார். நான் கண்டுகொள்ளாமல் முட்டைச் சான்ட்விச்சைக் கடித்தேன்.

அப்போது உயரமான கணவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"மன்னியுங்கள். மதிலின்மேல் எப்போது ஏறுவோம்?"

"எந்த மதில்?"

"நாங்கள் ஹொலண்டிலிருந்து வருகிறோம். தொப்பி போட்டவரின் பின்னால் போகச் சொன்னார்கள்."

"அப்படியென்றால் உங்கள் மனைவி ஏன் அழுதார்?"

"அவளுக்கு எந்தத் தேவாலயத்துக்குள் போனாலும் அழுகை வரும்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினார்கள். கிழவர் எழுந்து நின்றார். அண்ணனின் கழுதைக் காலத்து நண்பர்கள் ஸ்காபரோவிலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்கள் நாலு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. ஹொலண்ட்காரரின் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. தன்னைக் கூப்பிடவில்லையே என்று.

நான் எழும்பினேன். பொய் சொல்லக்கூடாது என்று மட்டும் முடிவெடுத்திருந்தேன். கழுதைகளோடு எனக்கிருந்த முழுத் தொடர்பும், மன்னார் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்குள் இருந்தபடி யன்னலால் பார்த்ததுதான். அதை வைத்துக்கொண்டு பேசினேன். நான் அறிந்த கழுதைகள் யாருக்கும் வழி விடுவதில்லை என்றேன். சாரதி ஹோர்ன் அடித்தாலும், கொண்டக்டர் இறங்கித் தள்ளினாலும், நிழலை விட்டு ஓர் அடி நகராது என்றேன். அப்படிப்பட்ட பிராணியைப் பதினொரு கோடைகாலம், காலையிலிருந்து மாலைவரை, முதுகில் அழுகிற பிள்ளைகளோடு நடக்க வைத்த ஒரு மனிதர் மிகுந்த பொறுமைசாலியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றேன்.

யாரோ மேசையைத் தட்டினார்கள். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியே அவர்தான்" என்றார். "ஒரு வார்த்தை பிசகவில்லை."

உட்கார்ந்தேன். மகள் வந்து பக்கத்தில் இருந்தார். "அப்பா உங்களைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. எதைத்தான் சொன்னார்!" என்றார். இனியும் தாங்காது என்று எனக்குத் தோன்றியது. மனைவியும் மேசைக்குக் கீழே காலால் உதைத்தாள், சொல்லுங்கோ என்று.

"அம்மா, எங்களை மன்னிக்க வேண்டும். நாங்கள் அந்த ஸ்காபரோ இல்லை. கனடாவில் இருக்கிற ஸ்காபரோ. ரொறன்ரோ."

அவர் என்னையும், மனைவியையும், துவாய் சுற்றிய மாமியையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியது.

"கனடாவிலிருந்தா? அப்பாவுக்காகவா வந்தீர்கள்?"

"இல்லை, நாங்கள் வந்தது…"

"சித்தப்பா!" என்று அவர் எழுந்துவிட்டார். "இவர்கள் கனடாவிலிருந்து வந்திருக்கிறார்கள்!"

அதன்பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கினார்கள். ஹொலண்ட்காரரும் எழும்பி வந்து கைகுலுக்கினார். எங்கள் விலாசத்தை வாங்கிக்கொண்டு, மிச்சக் கேக்கைக் கடுதாசியில் சுற்றி மாமியின் மடியில் வைத்து, மகள் எங்களை வாசல்வரை வந்து அனுப்பினார்.

ரயிலுக்குப் போகிற வழியில் பெரிய தேவாலயத்தின் முன்னால் இன்னொரு கறுப்புத் தொப்பிக்காரர் நின்றார். குட்டையான மனிதர். சுற்றுலாக்காரர்கள் சூழ, ஏதோ கொலைக் கதையைக் கைகால் ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமி நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"உவரைப் பாத்தா நல்ல சாப்பாடு போடுற ஆள் மாதிரித் தெரியேல்லை" என்றார்.

ரொறன்ரோ வந்து வேலைக்குப் போன முதல் நாளே மேற்பார்வையாளர் பிடித்துக்கொண்டார். யோர்க் போனாயா, தொப்பிக்காரரைப் பார்த்தாயா, என்னென்ன காட்டினார்? நான் சரிந்த விளக்குக் கம்பம், மிட்டாய்த் தொழிற்சாலையின் பழைய வாசல், பாலம், மயானம் என்று சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"பாதையை மாற்றிவிட்டார்கள் போல" என்றார். "என் காலத்தில் மதிலிலிருந்துதான் தொடங்குவார்கள்."

மாமி நாள் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது செத்தவருக்குப் படைக்கிற முப்பத்தோராம் நாள் காலையில்தான் தெரிந்தது. வடையும் பாயாசமும் சமைத்து, பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினார். யாருடைய முப்பத்தொன்று என்று கேட்டவர்களுக்கு, "எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்" என்றார். எங்கள் தளத்தில் இருந்த காத்தான்குடிக் குடும்பத்து அங்கிள் கையில் கிண்ணத்தோடு வந்து துக்கம் விசாரித்தார். செத்தவர் என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டார். மனைவி உள்ளே ஓடிவிட்டாள். நான்தான் கழுதை விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்றே ஒரு முடிவெடுத்தேன். உட்கார்ந்து மகளுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு தரம் எழுதிக் கிழித்து ஐந்தாவது தரம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். காட்போட் மூடி, தூறல், தொப்பி, மரப்பெட்டி, ஹொலண்ட்காரர். உங்கள் தகப்பனாரை நான் உயிரோடு ஒருநாளும் கண்டதில்லை, உங்கள் துக்கத்தில் புகுந்து சாப்பிட்டதற்கு மன்னியுங்கள் என்று முடித்தேன். அஞ்சல் பெட்டிக்குள் போட்ட பிறகு நெஞ்சு லேசானது.

பனி தொடங்கிய பிறகு பதில் வந்தது. மகள் எழுதியிருந்தார். கடிதத்தை இரண்டு தரம் படித்துச் சிரித்தாராம். அப்பா போன பிறகு சிரித்தது அன்றுதானாம். ஹொலண்ட்காரர்களும் ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார்களாம், கூடவே பாற்கட்டி ஒன்றும் அனுப்பியிருக்கிறார்களாம். ஆனால் சித்தப்பாவுக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், அவர் ஒரு சொல்லையும் நம்பவில்லை என்று எழுதியிருந்தார். அந்த மனிதருக்கு அடக்கம் அதிகம், அதனால்தான் இப்படிக் கதை கட்டுகிறார் என்று சொல்லிவிட்டாராம்.

கடிதத்தோடு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் இருந்தது. ஸ்காபரோக் கடற்கரை. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிய ஒரு மனிதர், வரிசையாக ஐந்து கழுதைகள், பிள்ளைகள். பின்னால் கூட்டத்தில் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிற, மங்கலான, கறுத்த ஒருவனை நோக்கி நீல மையால் அம்புக்குறி போட்டு, கிழவரின் நடுங்குகிற கையெழுத்தில் 'நீங்கள்' என்று எழுதியிருந்தது.

மனைவி படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். பிறகு மாமியிடம் நீட்டினாள். மாமி மூக்குக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார்.

"காது உங்கடை மாதிரித்தான் கிடக்கு, தம்பி" என்றார்.

அந்தப் படம் எடுத்த காலத்தில் நான் யாழ்ப்பாணத்தைத் தாண்டி அதிக தூரம் போனதில்லை என்று விளக்கினேன். மாமி கேட்டார், தலையாட்டினார், பிறகு கல்யாணப் படங்கள் இருந்த அல்பத்தை எடுத்து அதில் ஒரு பக்கத்தில் படத்தைச் செருகிவைத்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் அல்பத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தில் நின்று, இது எப்போது எடுத்தது என்று கேட்பார்கள். மறுத்து மறுத்து எனக்கும் அலுத்துவிட்டது. அது ஒரு கோடைகாலம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.